சிலைக்கு முன் பூட்டைக் கழற்றுங்கள்: சுவாமியின் நூற்றாண்டு விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

விழாக் குழுத் தலைவர் அவர்களுக்கும், குழு உறுப்பினர்களுக்கும், பங்குத்தந்தை அவர்களுக்கும்,

இந்தப் பங்கில் குருவாக இருந்த சுவாமி பிறந்து நூறு ஆண்டு நிறைவதை முன்னிட்டு நீங்கள் எடுத்த மூன்று தீர்மானங்கள் ஆலய அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டிருக்கின்றன. சந்தியில் அவருக்கு ஆளுயரச் சிலை. அவர் வாழ்க்கையைச் சொல்லும் விழா மலர். அவர் கட்டிய இரவுப் படிப்பகத்தைத் திருத்தி, கல்யாணம் காட்சிக்கு வாடகைக்கு விடும் வைபவ மண்டபமாக்குவது. வாடகைப் பணத்தில் விழாச் செலவை ஈடுகட்டலாம் என்று கடைசி வரியில் ஒரு குறிப்பும் இருக்கிறது. சுவாமிக்குச் சிலை வைக்கும் செலவுக்காகச் சுவாமியின் படிப்பகத்தை மூடப்போகிறீர்கள் என்பதை இதைவிடத் தெளிவாக ஒருவர் எழுத முடியாது.

மூடப்போகிறீர்கள் என்று சொல்வதும் பிழைதான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகத் தற்காலிகமாகப் பூட்டிய கதவு அது. தவறணை முதல் டியூட்டரி வரை ஊரில் எல்லாம் திறந்து வருடங்கள் ஓடிவிட்டன. அந்தப் பூட்டு மட்டும் துருப்பிடித்துத் தொங்குகிறது.

இதை ஏற்றுக்கொள்ள முடியாது என்று உங்கள் அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. ஆகவே எல்லோரும் வாசிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நான் உங்கள் பங்கைச் சேர்ந்தவள் அல்ல. எங்களுடையது சைவக் குடும்பம். அப்பா தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் வருடா வருடம் கரகம் எடுத்தவர். பங்குச் சபையின் தீர்மானத்தைப் பற்றிப் பேச இவள் யார் என்று உங்களில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். அந்தப் படிப்பகத்தின் வாங்கில் உட்கார்ந்து படித்தவள். அங்கே கற்ற கணிதத்தைக் கொண்டு ஆசிரியையாகி, ஓய்வு பெறும் வரை இதே மலைநாட்டில் உயர்தர மாணவர்களுக்கு அதையே கற்பித்தவள். சுவாமியின் பெயரால் நடக்கும் ஒரு காரியத்தைப் பற்றிக் கேள்வி கேட்க இந்தத் தகுதி போதும் என்றே நினைக்கிறேன்.

உங்கள் துண்டுப்பிரசுரத்தில் சுவாமியின் வாழ்க்கை அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. ‘சாந்தசொரூபி’, ‘ஏழைகளின் தோழர்’, ‘மலையகத்தின் யோசவ் வாஸ்’ என்று பட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. அவர் என்ன செய்தார் என்பதைத்தான் காணவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரியில் காலிமுகத்திடலில் யோசவ் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தபோது என் கத்தோலிக்கச் சினேகிதிகள் பலர் இங்கிருந்து பஸ் பிடித்துப் போனார்கள். அந்தப் புனிதரோடு தன்னை ஒப்பிட்டால் முதலில் நெளிபவர் சுவாமியாகத்தான் இருப்பார். சாந்தசொரூபி என்று எழுதியவருக்கு ஒன்று சொல்கிறேன். தேற்றத்தை மனனம் செய்து கடகடவென்று ஒப்புவித்துவிட்டு, ‘ஏன் அப்படி?’ என்று கேட்டதும் விழிக்கும் பிள்ளையின் முன்னால் சுவாமி நின்ற கோலத்தை நீங்கள் கண்டதில்லை.

அவர் முதலில் ஒரு கணித ஆசிரியர். குருப்பட்டம் பெற்றதும் கற்பிப்பதற்காக ஒரு கத்தோலிக்கப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டவர். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் அதற்கடுத்த ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசின் கைக்குக் கொண்டுபோயின. பல ஊர்களில் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவு பகலாக அங்கேயே இருந்து எதிர்ப்புக் காட்டினார்கள். அவர்களோடு வகுப்பறைத் தரையில் படுத்தவர்களில் சுவாமியும் ஒருவர். அந்தச் சட்டத்தைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. அரசாங்கப் பாடசாலை என்று ஒன்று விரிந்து பரவாமல் இருந்திருந்தால் என்னைப் போன்றவளுக்கு ஆசிரிய நியமனமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. சுவாமியிடமே இதைச் சொல்லி வாதாடியிருக்கிறேன். அவர் விட்டுக்கொடுக்கவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை. எப்படியானாலும் அவரைக் கரும்பலகையிலிருந்து பிரித்தது அந்தச் சட்டம். அதன் பிறகு பூசை, மந்திரிப்பு, திருமணப் பதிவு என்று பங்கு பங்காக மாறிக்கொண்டிருந்தவர், எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கே வந்து சேர்ந்தார்.

அப்போது திருச்சபைக்குள் வீசிய காற்றே வேறு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடிந்திருந்தது. கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார ஆண்டகை 1972இல் புதிதாக அமைந்த பதுளை மறைமாவட்டத்துக்கு முதல் ஆயராகப் போனார். அதே ஆண்டில் இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதயம் என்ற சமூக ஆய்வு நிலையத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளரின் உரிமைகளுக்காக எழுதவும் பேசவும் முன்வந்தார். எங்கள் சுவாமி எழுதியவர் அல்லர், மேடை ஏறியவரும் அல்லர். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோகும் பிள்ளைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார்.

நிற்காமல் வேறென்ன செய்யும்? தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம். பெரும்பாலான துரைமார் அந்தப் பொறுப்பை ஒரு தகரக் கொட்டிலோடும் ஒரு வாத்தியாரோடும் தீர்த்துக்கொண்டார்கள். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது என்று நாங்கள் பாடத்தில் படித்தோம். தோட்டத்து எல்லையைத் தாண்டி உள்ளே வர அதற்குப் பத்தாண்டுகள் பல ஆயின. எழுபதுகளின் இறுதியில்தான் தோட்டப் பாடசாலைகள் கட்டங்கட்டமாக அரசின் கீழ் வரத் தொடங்கின. அதற்கு முந்திய கொட்டிலில் படித்த கடைசித் தலைமுறை நான். ஒரே அறை, ஐந்து வகுப்பு, மழை பிடித்தால் தகரத்தின் சத்தத்தில் வாத்தியாரின் வாய் அசைவது மட்டும் தெரியும்.

கொட்டிலைத் தாண்டி நகரத்துப் பாடசாலைக்குப் போன பிள்ளைக்கும் வீடு என்று இருந்தது லயம் என்ற வரிசை வீட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா, ஒரே அறை. அதற்குள் அடுப்பு, பாட்டி, கைக்குழந்தை, விறகு, ஒரு போத்தல் விளக்கு. அடுத்த காம்பிராவில் சண்டை என்றால் சுவர் அதை மறைக்காது. படிப்பு வராத பிள்ளைகள் என்று வெளியார் எங்களைச் சொன்னார்கள். மேசையும் வெளிச்சமும் மூன்று மணி நேர அமைதியும் கிடைத்தால் வருமா வராதா என்று பார்த்துவிடலாம் என்று சுவாமி நினைத்தார். படிப்பகம் என்பது அவ்வளவுதான்.

அதை யார் கட்டினார்கள் என்பதைத் துண்டுப்பிரசுரம் சொல்லவில்லை, ஆகவே நான் சொல்கிறேன். நிலம் பங்கினுடையது. கல் ஆற்றிலிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுமந்து வந்தவர்கள் சுற்றியிருந்த தோட்டங்களின் பெற்றோர், அவர்களில் கத்தோலிக்கர் சிறுபான்மை. வாங்குகளும் மேசைகளும் தேயிலைப் பெட்டிப் பலகையில் அடித்தவை. என் மேசையின் அடியில் பெட்டியின் ஈயத்தாள் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டே இருக்கும், யோசிக்கும்போது நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பேன். கரும்பலகையும் அதே பலகைதான், கரியும் பசையும் குழைத்துப் பூசியது.

இருட்டத் தொடங்கியதும் சுவாமி பெட்ரோமாக்ஸ் விளக்கை மேசையில் வைத்து, கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, அது எரிந்து அடங்கும் வரை காத்திருந்து, பிறகு பம்பை அடிப்பார். மென்டில் என்ற வலைத்திரி சீறி வெள்ளையாகும் வரை எவரும் புத்தகம் திறக்கக்கூடாது. தொட்டால் உதிர்ந்துவிடும் அந்த மென்டிலை மாற்ற வேண்டுமென்றால் ஹட்டனுக்குத்தான் போகவேண்டும். ஆகவே பூச்சி வந்து மோதாமல் அட்டை பிடித்துக்கொண்டு நிற்க ஒவ்வொரு பிள்ளைக்கும் முறை வைத்திருந்தார். நிற்கும் பிள்ளைக்கு அன்று வாய்ப்பாடு கேட்பதில்லை. பூச்சி முறைக்கு எங்களுக்குள் அடிபிடி நடந்ததன் காரணம் அது.

அவர் கணிதம் கற்பித்த முறையை விழா மலரில் போடுவீர்களா? வீதம், விகிதம், கூட்டல், கழித்தல் எல்லாவற்றுக்கும் எங்கள் பாடப்புத்தகம் அம்மாமாரின் சம்பளச் சீட்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு எவ்வளவு, முற்பணத்துக்கு எவ்வளவு, அரிசி மாவுக்கு எவ்வளவு, கோயில் பணம், சங்கச் சந்தா. கடைசி வரியில் மிஞ்சும் தொகை சரியா என்று பார்த்து வருவது வீட்டுவேலை. பிறகு கொழுந்துத் தராசுக்கு வந்தோம். கூடைக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் ஒவ்வொரு நிறுவையிலும் வெட்டும் கிலோவை ஒரு மாதம் முழுக்க எழுதிவைத்துக் கூட்டச் சொன்னார். கூட்டினோம். கூட்டிய தொகை லயத்துக்கு லயம் போனது. அடுத்த சம்பள நாளில் அலுவலக ஜன்னலில் நின்ற பெண்கள் கணக்குக் கேட்டார்கள். துரை ஆயர் இல்லத்துக்கு முறைப்பாடு எழுதினார். தொழிற்சங்கப் பிரமுகர் ஒருவரும், சந்தா வரியைப் பிள்ளைகள் பார்த்துவிட்ட கோபமோ என்னவோ, சுவாமி தொழிலாளரைத் தூண்டிவிடுகிறார் என்று தன் பங்குக்குச் சொல்லிவைத்தார். விளக்கம் கொடுக்கச் சுவாமியைக் கண்டிக்கு அழைத்தார்கள். போய்வந்தவர், கூட்டல் கழித்தலைத் தவிர வேறெதுவும் கற்பிக்கவில்லை என்று அங்கே சொன்னதாக எங்களிடம் சொல்லிச் சிரித்தார். அதன் பிறகும் சம்பளச் சீட்டுப் பாடம் நிற்கவில்லை.

‘ஏழைகளின் தோழர்’ என்ற பட்டத்துக்குப் பின்னால் இருப்பது இப்படிப்பட்ட வழக்குகள். இவற்றை நீக்கிவிட்டு அச்சிடும் மலரில் இருக்கப்போவது அமைச்சர்களின் வாழ்த்துச் செய்தியும் விளம்பரமும்தான்.

இன்னொன்றையும் எழுதவேண்டும். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள் இந்த மலைகளிலிருந்து ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர்பெற்ற ரயிலில் ஏறித் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. நேற்றுப் பக்கத்தில் இருந்த பிள்ளை இன்று இருக்காது. போகிற பிள்ளைகளுக்குச் சுவாமி ஒரு கடிதம் கொடுத்தனுப்புவார்: இன்னாரின் மகன், இன்ன வகுப்பு, இன்ன பாடங்களை இவ்வளவு தூரம் முடித்திருக்கிறான், தயவுசெய்து மேல்வகுப்பில் சேர்த்துக்கொள்ளவும். அக்கரையில் எந்தத் தலைமையாசிரியர் பார்ப்பாரென்று தெரியாது, பெயரில்லாமல் எழுதுவார். பெயர், வகுப்பு, புறப்பட்ட நாள் மூன்றையும் படிப்பகப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். என் சித்தப்பா மகன் அந்தக் கடிதத்தோடு போனவன். கோத்தகிரிப் பக்கம் ஒரு பாடசாலையில் ஏழாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். கடிதம் இல்லாமல் போன அவன் கூட்டாளியை மறுபடி மூன்றாம் வகுப்பில் உட்கார்த்தினார்கள், அவன் ஒரு மாதத்தில் நின்றுவிட்டான்.

இங்கேயே தங்கியவர்களுக்கோ பிறப்புச் சான்றிதழ் இல்லை. அது இல்லாமல் பரீட்சை விண்ணப்பமும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பதிவாளர் அலுவலகத்து வாங்கில் சுவாமி காத்திருந்த நேரத்தைக் கூட்டினால், அவர் பிரசங்கம் செய்த நேரத்தை விட அதிகமாக வரும். பிரசங்கம் எப்போதும் சுருக்கம்தான். அதற்காகவே அவர் பூசைக்கு ஆள் வந்தது என்று என் சினேகிதி சொல்வாள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன், மலரில் அதுவும் வரட்டும். படிப்பகம் தொடங்கியபோது அது ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே. இருட்டில் பெண் பிள்ளைகள் தேயிலைக்குள் நடந்து வருவது சரிவராது என்று சுவாமி பிடிவாதமாக இருந்தார். அதை மாற்றியவர்கள் தாய்மார். கொழுந்து நிறுத்து முடிந்ததும் கூடையைக் கூட இறக்காமல் ஐந்தாறு பேர் பங்குமனை வாசலுக்குப் போய், பிள்ளைகளைக் கூட்டி வருவதும் கூட்டிப் போவதும் எங்கள் பொறுப்பு, இடம் கொடுப்பது உங்கள் பொறுப்பு என்று நின்றார்கள். அவர்களில் என் அம்மாவும் ஒருவர். அன்று அவர்கள் போயிருக்காவிட்டால் இந்த மடலை எழுத ஒருத்தி இருந்திருக்கமாட்டாள். ஒன்று சொல்லவேண்டும்: விட்டுக்கொடுத்த பிறகு சுவாமி அரைமனதாக நடக்கவில்லை. கூட்டிப்போக ஆள் வராத நாட்களில் அரிக்கன் லாம்போடு அவரே எங்களுக்கு முன்னால் நடப்பார்.

1983 ஜூலைக் கலவரத்தில் கடைகள் எரிந்து ஓடி வந்த குடும்பங்கள் அந்த மண்டபத்தில்தான் வாங்குகளை இணைத்துப் படுத்தன. அந்த மாதங்களில் மட்டுமே படிப்பு நின்றது. சுவாமி மாற்றலாகிப் போன பின்னும், இறந்த பின்னும் அது நிற்கவில்லை. பழைய மாணவர்கள் முறை வைத்து நடத்தினோம். பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் விடுமுறையில் வந்து இரசாயனவியலும் பௌதிகவியலும் சொல்லிக்கொடுத்தார்கள். 2020இல் அந்தப் பூட்டு விழும் வரை.

இப்போது உங்கள் காரணங்களுக்கு வருகிறேன்.

பிள்ளைகள் வருவதில்லை என்கிறீர்கள். பூட்டிய கதவுக்கு யார் வருவார்கள்? பாடசாலைகள் மூடியிருந்த 2020, 2021இல் இங்குள்ள பிள்ளைகள் கைத்தொலைபேசிச் சிக்னல் தேடி மலையுச்சியிலும் பாறையிலும் ஏறி நின்று பாடம் கேட்டதை நாடே பார்த்தது. 2022இல் மின்வெட்டு பதின்மூன்று மணி நேரம் வரை போனபோது லயங்களில் மறுபடி போத்தல் விளக்கு ஏறியது. அந்தக் காலங்களில்தான் ஒரு மேசையும் விளக்கும் உள்ள இடம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் உயர்தரத்துக்குக் கணிதம் எடுத்திருக்கும் ஒரு பிள்ளை இப்போது பிள்ளைக்காம்பிராத் திண்ணையில், அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தின் திண்ணையில், இருந்து படிக்கிறாள், அங்கே வெளிப்புறத்தில் ஒரு பல்ப் எரிகிறது என்பதற்காக. குளிருக்குப் பாட்டியின் கொழுந்துப் படங்கைப் போர்த்திக்கொண்டு, ‘வகையீடு’ கணக்குகளோடு ஒரு கிழிந்த கொப்பி. அவள் காட்டிய கணக்கைத் திருத்திக் கொடுத்தபோது கொப்பியின் தாள் பனியில் நனைந்து பேனா ஓடவில்லை. திண்ணையிலிருந்து பார்த்தால் நீங்கள் பூட்டி வைத்திருக்கும் மண்டபத்தின் கூரை தெரிகிறது.

டியூஷன் இருக்கிறது, கைத்தொலைபேசி இருக்கிறது, இனிப் படிப்பகம் எதற்கு என்கிறீர்கள். தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனது, 2024இல் 1,350 ஆனது. அதுவும் சொன்ன கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் உள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலைகள் இங்கே குறைவு. அவற்றிலும் ஆசிரியர் வெற்றிடம் என்றால் டியூஷன்தான் கதி. மூன்று பாடத்துக்கு டியூஷன், அதற்குப் போய்வர பஸ், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் முச்சக்கரவண்டி. இரண்டு பேர் கொழுந்தெடுக்கும் வீட்டில் இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். சுவாமி இருந்திருந்தால் இதை வீட்டுவேலையாகக் கொடுத்திருப்பார்.

கட்டடம் ஆபத்தான நிலையில் இருக்கிறது என்கிறீர்கள். மாணவர் இருபது பேர் உட்கார ஆபத்தான கட்டடத்தில் கல்யாண வீட்டார் முந்நூறு பேரை எப்படி உட்காரவைப்பீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

கடைசிக் காரணம் பலகையில் ஒட்டப்படவில்லை, ஆனால் பேசப்படுகிறது. அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் நம் சபையார் அல்லர், பங்கின் சொத்தை அவர்களுக்காக ஏன் வைத்திருக்கவேண்டும் என்பது. இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, சுவாமி சார்பில் சொல்கிறேன். அங்கே படித்த காலம் முழுவதும் ஞானஸ்நானம் எடு என்று என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும் இரவுகளில் படிப்பகத்துக்கு விடுமுறை. தோட்டத்துப் பிள்ளைகள் ரதியும் மன்மதனும் ஆடும்போது முன் வரிசைக் கதிரையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தவர் சுவாமி. மறுநாள் எரிந்த மன்மதனுக்கு முக்கோணவியல் வகுப்பு வைத்துவிடுவார் என்பது வேறு விடயம். 2023இல், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த இருநூறு ஆண்டு நினைவாக ‘மலையகம் 200’ என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தபோது உங்களில் சிலரும் பதாகை பிடித்து நடந்தீர்கள். அந்தப் பதாகையில் நம் சபையார், பிற சபையார் என்று எழுதியிருக்கவில்லை.

எனக்கு வேண்டியவற்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

வைபவ மண்டப வேலைக்கு ஒப்பந்தகாரரோடு பேசி வைத்திருப்பதை உடனே நிறுத்துங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் எவ்வளவு என்று அறிவியுங்கள்.

அடுத்த பாடசாலைத் தவணை தொடங்கும் நாளில் படிப்பகத்தின் பூட்டைக் கழற்றுங்கள். வார நாட்களில் மாலை ஆறு முதல் ஒன்பது வரை திறந்திருக்கட்டும். கற்பிக்க ஆள் தேடி நீங்கள் அலையவேண்டாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் சம்பளமில்லாமல் வர ஒப்புக்கொண்ட பட்டியல், நான் உங்களிடம் கையளித்த மடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது. மின்சாரக் கட்டணத்தைப் பழைய மாணவர்கள் ஏற்றுக்கொள்கிறோம். கூரை பழுது என்றால் முதலில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தை அழைத்துக் காட்டுங்கள், அவர்கள் எழுத்தில் தரும் அறிக்கையை அதே பலகையில் ஒட்டுங்கள். பாதுகாப்பில்லை என்று அவர்கள் சொன்னால் நானே பிள்ளைகளை உள்ளே விடமாட்டேன். அப்போது விழாப் பணம் முதலில் போகவேண்டிய இடம் அந்தக் கூரை.

விழாவுக்கு இதுவரை சேர்ந்த பணத்தின் கணக்கை வெளியிடுங்கள். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்களிடம் ‘சுவாமியின் கல்விப் பணிக்காக’ என்று கேட்டு வாங்கிய தொகையைச் சிலைக்குச் செலவிடுவதானால், கொடுத்தவர்களிடம் முதலில் சம்மதம் கேளுங்கள். எனக்கு வந்த பதில்களைப் பார்த்தால் பலர் தரமாட்டார்கள். சிலையே கூடாது என்று நான் அடம்பிடிக்கவில்லை. படிப்பகம் ஒரு வருடம் ஒழுங்காக நடந்து, பணமும் மிஞ்சினால் வையுங்கள்.

திருப்பண்ட அறையில் சாக்குகளில் கட்டிப் போட்டிருக்கும் நூலகப் புத்தகங்களையும் படிப்பகப் பதிவேடுகளையும் ஈரம் தின்பதற்கு முன் வெளியே எடுங்கள். விழா மலர் வெளியிடுவதானால் அந்தப் பதிவேடுகளில் உள்ள பெயர்களை முழுமையாக அச்சிடுங்கள், இந்தியா போன பிள்ளைகளின் பெயர்கள் உட்பட. வாழ்த்துச் செய்திகளுக்கு ஒதுக்கிய பக்கங்கள் அதற்குப் போதும். சுவாமி துரையோடும் சங்கத்தோடும் மேலிடத்தோடும் பட்ட பிணக்குகளை நீக்காமல் எழுதுங்கள், எழுத ஆளில்லை என்றால் நான் எழுதித் தருகிறேன்.

படிப்பகத்தை நடத்தப் புதிய குழு ஒன்றை அமையுங்கள். அதில் பங்குத்தந்தை இருக்கட்டும், உங்கள் சபையின் பிரதிநிதிகள் இருக்கட்டும். கொழுந்தெடுக்கும் தாய்மார் குறைந்தது இருவரும், கத்தோலிக்கர் அல்லாத பெற்றோரும் பேசவும் வாக்களிக்கவும் உரிமையோடு இருக்கவேண்டும்.

இவற்றைப் பேசப் பொதுக்கூட்டம் ஒன்றைக் கூட்டுங்கள். ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஆலயத்துக்குள் வைத்தால் எங்களில் பாதிப் பேர் வரமாட்டோம். வார நாளில், மாலைக் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, படிப்பக மண்டபத்திலேயே வையுங்கள். திகதியை இந்த மாத முடிவுக்குள் அறிவித்தால், தோட்டங்களுக்குச் சொல்லி அனுப்பும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரவுப் படிப்பகத்தின் பழைய மாணவி,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை